இலங்கையின் 2022 எரிபொருள் நெருக்கடியை முன்வைத்து: நல்ல தலைமைத்துவத்தை எதைக்கொண்டு அளப்பது?

மருதானைவாசி:
எதிர்காலத் திட்டங்களை வகுப்பவருக்கு நாம் கொடுக்கும் மதிப்பை, கண்முன் நிற்கும் இடரைத் தீர்ப்பவருக்குக் கொடுப்பதில்லை. இது தவறான அளவுகோல் என்று நினைக்கிறேன். 2022 ஜூலையில் கொழும்பின் நிலையை நினைத்துப் பாருங்கள். முச்சக்கரவண்டிச் சாரதிகள் வண்டிக்குள்ளேயே படுத்துறங்கினார்கள். வரிசை நகரும்போது, தாங்கியில் எஞ்சியிருந்த சொட்டு எரிபொருளும் வீணாகக்கூடாது என்று இயந்திரத்தை இயக்காமல் வண்டியைக் கையால் தள்ளினார்கள். ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு குறியீட்டைக் கொடுத்து, அதை எரிபொருள் நிலையத்தில் ஸ்கான் செய்து எரிபொருள் வழங்கும் கியூஆர் அட்டை முறை அந்த மாதம் அறிமுகமானது. அதில் வாரமொன்றுக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று பங்கீடு தொடங்கியது. சில வாரங்களில் வரிசைகள் சுருங்கின. பசித்தவனுக்கு முதலில் சோறு போடுபவரையே நான் தலைவர் என்பேன்.

பழைய கணக்காளர்:
அண்ணன், அந்த முறை நன்றாக இயங்கியது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதனால் நாட்டுக்குள் ஒரு லீற்றர்கூடக் கூடுதலாக வரவில்லை. இருந்த தட்டுப்பாடு ஒழுங்காகப் பங்கிடப்பட்டது, அவ்வளவுதான். தலைமைத்துவத்துக்கான சோதனை வரிசைகள் இல்லாத ஆண்டுகளில் நடந்தது.

2018 மே மாதம், மங்கள சமரவீர நிதியமைச்சராக இருந்தபோது, உலகச் சந்தையோடு உள்நாட்டு விலையும் ஏறி இறங்கும் எரிபொருள் விலைச் சூத்திரம் நடைமுறைக்கு வந்தது. மக்கள் அதை விரும்பவில்லை. 2019 இறுதியில் ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. 2021 ஜூன் வரை ஒக்டேன் 92 பெற்றோல் 137 ரூபாயிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. 2019 டிசெம்பரில் வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. டொலரை ஏறத்தாழ 200 ரூபாயில் பிடித்து வைத்தபோது வெளிநாட்டில் உழைத்தவர்கள் வங்கியை விட்டு, வங்கிக்கு வெளியே கூடுதல் விலை கொடுத்துப் பணம் அனுப்பித்தரும் உண்டியல்காரரிடம் போனார்கள். 2020 இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த உத்தியோகபூர்வ பணவனுப்பல் மறு ஆண்டில் 5.5 பில்லியனாக வீழ்ந்தது. இவை எல்லாமே அந்தந்த நாளில் மக்களுக்கு இனித்த முடிவுகள். 2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பில், 2022 ஏப்ரல் அளவில் உண்மையில் பயன்படுத்தக்கூடியதாக 50 மில்லியன்கூட மிஞ்சவில்லை. இது தெரியாமல் நடந்ததல்ல. கடனை மறுசீரமைக்க வேண்டும், சர்வதேச நாணய நிதியத்திடம் போக வேண்டும் என்று பொருளியலாளர்கள் முன்கூட்டியே எச்சரித்தார்கள். அப்படியிருந்தும் 2022 ஜனவரியில் முதிர்ச்சியடைந்த 500 மில்லியன் டொலர் பிணைமுறியை, அதாவது வெளிநாட்டு முதலீட்டாளர்களிடம் பெற்ற கடன் பத்திரத்தை, முழுமையாகச் செலுத்திவிட்டு, மூன்றே மாதங்களில், ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த முடியாது என்று அறிவித்தோம். இந்தியா எரிபொருளுக்கென முதலில் வழங்கிய கடன் வசதியும் அதே 500 மில்லியன் டொலர்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், நாம் எதைக் கையால் கொடுத்துவிட்டு எதைக் கையேந்தி வாங்கினோம் என்பது விளங்கும்.

மருதானைவாசி:
நடந்து முடிந்த பிறகு கணக்குப் பார்ப்பது எளிது, ஐயா. அதுவரை ஒரு தவணைகூடத் தவறாத நாடு என்ற பெயரைக் காப்பாற்ற நினைத்ததை முழு மடமை என்று நான் சொல்லமாட்டேன். அத்தோடு, நீங்கள் புகழும் விலைச் சூத்திரத்தை மக்கள் சகித்துக்கொள்ள வேண்டுமானால், இன்றைய துன்பத்தைக் கவனிப்பார்கள் என்ற நம்பிக்கை அவர்களுக்கு முதலில் வரவேண்டும். அந்த நம்பிக்கையில்லாத இடத்தில் எந்தத் தொலைநோக்கும் அடுத்த தேர்தலைத் தாண்டாது.

முகத்துவாரம் கடற்கரை:
இருவரும் பெற்றோலைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்தில் வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. தோட்டத்து வீடுகளில் அடுப்பும் அதில்தான் எரிகிறது. 2022 ஓகஸ்டில் 87 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாயானது. இறக்குமதிச் செலவு அதைவிடக் குறைவாக இருக்கவில்லை என்பதும், 87 ரூபாய்க்கு விற்றுக்கொண்டேயிருக்க முடியாது என்பதும் எங்களுக்கும் தெரியும். ஆனால் விலை ஏறிய மறுநாள் காலை படகைக் கடலில் இறக்குவதா, கரையில் இழுத்துப் போடுவதா என்று யோசித்தவனுக்கு என்ன ஏற்பாடு இருந்தது? வறிய குடும்பங்களுக்குப் பண உதவி வழங்கும் அஸ்வெசும திட்டம் நடைமுறைக்கு வந்தது 2023 ஜூலையில். இடைப்பட்ட பதினொரு மாதங்களைப் பற்றி எதிர்காலத்தைச் சிந்தித்தவர்களும் பேசவில்லை, நிகழ்காலத்தைக் கவனித்தவர்களும் பேசவில்லை.

பழைய கணக்காளர்:
உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் அது என் வாதத்துக்கே வலுச்சேர்க்கிறது. விலையை ஆண்டுக்கணக்கில் அடக்கி வைத்திராமல் சிறிது சிறிதாக உயர்த்தியிருந்தால், நிவாரணப் பட்டியலைத் தயாரிக்கக் காலமும் பணமும் இருந்திருக்கும். அதனால்தான் சட்டத்தில் எழுதிய கட்டுப்பாடுகளை நான் ஆதரிக்கிறேன். 2023 ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டத்தின்படி, அரசாங்கத்தின் பற்றாக்குறையை நிரப்பப் பணம் அச்சிட முடியாது. தலைவர்கள் மாறினாலும் அந்த வேலி நிற்கும்.

மருதானைவாசி:
வேலி நிற்கட்டும். ஆனால் கியூஆர் முறையை வெறும் பங்கீடு என்று தள்ளிவிடாதீர்கள். அடையாள அட்டை இலக்கத்தோடு வாகன உரிமையாளர்களைப் பதிவு செய்த ஒரு தரவுத்தளம் சில வாரங்களில் உருவானது. 2023 செப்டெம்பரில் பங்கீடு முடிந்தபோது, அதையே அடிப்படையாக வைத்து, பொது மானியத்துக்குப் பதில் உரியவருக்கு மட்டும் மானியம் கொடுக்கும் வழியை அமைத்திருக்கலாம். அவசரத்தில் கட்டியதுதான் நாளைக்கும் உதவும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

முகத்துவாரம் கடற்கரை:
அந்தத் தரவுத்தளத்தில் இருப்பது வாகனம் உள்ளவர்களின் பெயர். தோட்டத்து வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பில் சமைக்கும் பெண்ணுக்கு ஏது வாகனம்? அவளுடைய பெயரைக் கிராம அலுவலர் வீடு வீடாகப் போய்த்தான் எழுதவேண்டும். அந்த வேலையை அடுத்த விலை உயர்வுக்கு முன்பே முடித்து வைப்பவரை உங்கள் இருவரின் அளவுகோலில் எங்கே வைப்பீர்கள் என்று சொல்லுங்கள்.