மறு: 'ஆர்ட் மோடு'க்குத் தமிழ்ச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

டிவியின் 'ஆர்ட் மோடு'க்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் குழுவின் இந்த இழை நன்றாகவே நீண்டுவிட்டது. இதுவரை வந்த சொற்களை வரிசையாகப் பார்த்தால் சில கருவிக்கு, சில அந்தக் கருவி இருக்கும் நிலைக்கு, ஒன்றிரண்டு அதில் தெரியும் படத்துக்கு. மூன்றையும் ஒரே சொல்லில் அடைக்கப் பார்ப்பதால்தான் எதைப் போட்டாலும் யாருக்காவது உறுத்துகிறது. கருவியை விட்டுவிட்டு நிலைக்கு முதலில் பெயர் வைப்போம் என்பதே என் கட்சி.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: டிவி பார்க்காத நேரத்தில் அதைக் கறுப்புப் பலகையாக விட்டுவைக்காமல், ஓர் ஓவியத்தையோ ஒளிப்படத்தையோ அதில் நிறுத்திவைப்பதைப் பற்றித்தான் பேச்சு. ஆசை பழையது. 1989-இல் பில் கேட்ஸ் தனியாகத் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் நோக்கமே வீட்டுச் சுவர்களில் உள்ள திரைகளில் கலைப்படைப்புகளைக் காட்டுவதுதான். அதுவே பிற்பாடு கார்பிஸ் என்ற பெயரில் பட உரிமங்கள் விற்கும் நிறுவனமாக மாறியது. பரவலானது 2017-இல் சாம்சங் 'தி ஃபிரேம்' டிவியைக் கொண்டுவந்த பிறகு. 'ஆர்ட் மோடு' என்ற சொல் நம் வாயில் ஒட்டிக்கொண்டதும் அதன் கூடத்தான்.

> 'எண்மச் சட்டம்' என்று வைத்தால் சுருக்கமாகவும் இருக்கும், பொருளும் தெளிவாக இருக்கும்.

சுருக்கம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'வீடுகளுக்கு வருகிறது எண்மச் சட்டம்' என்று நாளிதழில் தலைப்பு வந்தால், ஏதோ மசோதா நிறைவேறிவிட்டது என்றுதான் படிப்பவர் நினைப்பார். 'படச்சட்டம்' பிழைத்திருப்பது முன்னால் 'படம்' நிற்பதால். அதை எடுத்துவிட்டால் 'சட்டம்' நேரே நீதிமன்றத்துக்குப் போய்விடும். அதோடு 'டிஜிட்டல்' என்பதற்கு எண்மமா, எண்ணிமமா, இலக்கமுறையா என்ற வழக்கு இந்தக் குழுவில் எப்போதோ தொடங்கி இன்னும் தீர்ப்பாகவில்லை. அதை இங்கேயும் இழுத்துவர வேண்டாமே. வீட்டில் இருக்கும் எந்தத் திரைதான் இன்று டிஜிட்டல் இல்லை? அந்த அடைமொழி எதையும் பிரித்துக் காட்டுவதில்லை.

> ஏற்கெனவே 'திரைக்காப்பு' என்ற சொல் இருக்கிறதே, அதையே நீட்டிக்கொள்ளலாம்.

திரைக்காப்பு, அதாவது 'ஸ்கிரீன் சேவர்': இதுதான் எனக்குக் கொஞ்சமும் ஒப்பாத பரிந்துரை. காரணம் சொல் அழகில்லை என்பதல்ல. பழைய குழாய்த் திரைகளில் ஒரே உருவம் நெடுநேரம் நின்றால் அந்த இடத்துப் பாஸ்பர் பூச்சு தேய்ந்து சுவடு விழும். அதைத் தடுக்க எதையாவது அசைத்துக்கொண்டே இருந்ததுதான் திரைக்காப்பு. இங்கே நடப்பது நேர் எதிர்: ஒரே படம் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கிறது. எதற்கு எதிராகக் காப்பு வைத்தோமோ, அதையே காப்பு என்று அழைத்தால் எப்படி?

சரி, அப்படியானால் எந்தத் திரையில் எந்தப் படம் நின்றாலும் அது ஆர்ட் மோடு ஆகிவிடுமா? ஆகாது. இந்த இடத்தில்தான் நாம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் வரையறை இங்கேதான் இருக்கிறது.

ஓவியம் தானாக ஒளிர்வதில்லை. அறை வெளிச்சம் அதன்மேல் பட்டுத் திரும்புவதைத்தான் நாம் பார்க்கிறோம். அளவோடு சொன்னால் (ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸிலும், அதிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிர்மையை நிட்டிலும் அளப்பார்கள்), 150 லக்ஸ் வெளிச்சம் உள்ள அறையில் ஒரு வெள்ளைத் தாளின் ஒளிர்மை ஏறக்குறைய 40 நிட். இன்றைய டிவிகள் பல 300 நிட்டைச் சாதாரணமாகத் தாண்டும். தணிக்காமல் அப்படியே ஓர் ஓவியத்தைப் போட்டால், சுவரில் மாட்டிய படமாகத் தெரியாது, சுவரில் திறந்துவிட்ட சன்னல்போலத் தெரியும். நிறமும் அப்படியே. ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் கூடக்கூட நீலம், குறையக்குறைய மஞ்சள். டிவியின் வெள்ளைக்குப் பொது அளவுகோல் 6500 கெல்வின். பக்கத்தில் 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு எரிந்தால், படத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய மேகமெல்லாம் நீலம் பாரித்து நிற்கும். இந்த வகை டிவிகளில் உள்ள ஒளி உணரி அறையைப் பார்த்துத் திரையைத் தணிக்கிறது, சில கருவிகளில் நிறத்தையும் சேர்த்து மாற்றுகிறது. ஆளில்லாத அறையில் திரையை அணைத்துவிட அசைவு உணரியும் உண்டு. 2022 முதல் வந்த 'தி ஃபிரேம்' திரைகள் மினுமினுப்பு இல்லாமல் வருவதும் இதற்காகவே. விளக்கின் பிரதிபலிப்பு கண்ணாடியில் விழுந்த நொடியே ஓவியம் போய் டிவி திரும்பி வந்துவிடும்.

அதாவது, படம் காட்டுவது பெரிய காரியமில்லை. திரை தன் ஒளியை அடக்கிக்கொண்டு தாளைப்போல நடிக்கிறதே, பெயர் வேண்டியது அதற்குத்தான். அது ஒரு நிலை. உறக்க நிலை, காத்திருப்பு நிலை என்று நாம் ஏற்கெனவே புழங்கும் வரிசையில் வந்து உட்காரக்கூடியது. நண்பர் ஒருவர் 'பயன்முறை' என்றே முடிய வேண்டும், கைப்பேசிகளில் அப்படித்தான் பழகிவிட்டது என்கிறார். கைப்பேசிக்குச் சரி. டிவியைப் பயன்படுத்தாதபோது வருகிற ஒன்றுக்குப் பயன்முறை என்று பெயர் வைப்பானேன்?

பெயரின் முன் பாதிக்கு வருவோம். 'பட நிலை' என்றால் எல்லாம் அடங்கும் என்று ஒரு மடல். அடங்கும்தான், கூடவே சினிமாவும் அடங்கும். 'டிவியில் படம் ஓடுது' என்றால் யாரும் ஓவியத்தை நினைப்பதில்லை. 'கலை நிலை' அரசு அறிக்கைத் தலைப்புபோல இருக்கிறது. 'ஓவிய நிலை' எனக்குப் பிடித்திருக்கிறது. ஒளிப்படம் வைப்பவர்கள் கோபித்துக்கொள்வார்களே என்றால், அது ஒளிப்படத்தையும் ஓவியத்தின் இடத்தில் வைத்துப் பார்ப்பதைச் சொல்கிறது என்று கொள்ளலாம். கொரியக் கலைஞர் நாம் ஜூன் பைக்கின் 1974-ஆம் ஆண்டு 'டிவி புத்தர்' போல டிவியையே கலைப்பொருளின் உறுப்பாக்கிய படைப்புகள் இதில் வரா. அவற்றுக்கு வேறு இழை தொடங்குங்கள், நான் வருகிறேன்.

> பரிபாடலில் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தை 'எழுத்துநிலை மண்டபம்' என்கிறார்களே. எழுத்து என்றால் ஓவியம். 'எழுத்துநிலை' என்று கையாளலாமா?

ஐயா, படித்ததும் எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. ஓவியத்தை 'எழுதுவது' என்ற வழக்கு இன்னும் முழுக்கச் சாகவில்லை. 'எழுதிவைத்த சித்திரம்' என்கிறோம். ஆனால் ரிமோட்டில் 'எழுத்துநிலை' என்று ஒரு பொத்தான் இருந்தால், அமுக்கினால் வசனவரி வரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். இன்னொருவர் தந்த 'ஓவிய எழினி'யும் இப்படித்தான். சிலப்பதிகாரத்து ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி மூன்றும் அரங்கின் திரைச்சீலைகள். மறைப்பதற்கும் விலக்குவதற்கும் இருந்தவை. நம் திரை காட்டுவதற்கு இருப்பது. இரண்டு சொற்களையும் குழுவின் சேமிப்பில் வைப்போம், என்றைக்காவது உதவும்.

கருவிக்குத் தனியாகப் பெயர் தேவையா என்றால், இந்த வேலைக்கென்றே செய்த கருவிக்குத் தேவை. 'ஓவியத்திரை' போதும். சாதாரண டிவியில் பென் டிரைவைச் செருகி ஓவியம் காட்டுபவர் வைத்திருப்பது டிவிதான், ஓவியத்திரை இல்லை. 'தொலைக்காட்சிப் பெட்டி' என்பதில் பெட்டி இன்று எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். எங்கேயும் இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி யாரும் தொடாத இரண்டு சொற்கள். ஓவிய நிலையைப் பற்றி இரண்டு பத்தி எழுத உட்கார்ந்தாலே இவை இல்லாமல் கை கட்டிப்போகிறது.

ஒன்று, நிலைத்த படத்தால் திரையில் விழும் சேதம். ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. அதிகம் ஒளிர்ந்த புள்ளிகள் மற்றவற்றைவிட முன்னதாக மூப்படைகின்றன. ஒரே படத்தை மாதக்கணக்கில் வைத்தால் அதன் பிரகாசமான பகுதி நிரந்தரமாகப் பதிந்துவிடலாம். எல்சிடி திரையில் அப்படி ஏதாவது தெரிந்தாலும் பெரும்பாலும் வேறு காட்சி ஓடவிட்டால் மறைந்துவிடும். ஆங்கிலத்தின் 'பர்ன்-இன்'னை இரண்டுக்கும் சேர்த்து 'எரிவு' என்று மொழிபெயர்த்தால் தப்பு, எதுவும் எரிவதில்லை. ஆறாததைத் 'திரைத்தழும்பு' என்றும், மறைவதைப் 'படச்சுவடு' என்றும் பிரிக்கலாம். தழும்பு ஆறாது, சுவடு அழியும் என்பது தமிழ் படித்த எவருக்கும் விளக்காமலே புரியும்.

இரண்டாவது, படத்தைச் சுற்றி விடும் வெற்றுப் பட்டை. திரை 16:9. உலகத்து ஓவியர்கள் யாரும் அந்த விகிதத்தைக் கேட்டு வரையவில்லை. மோனாலிசா 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம். படுக்கை வாட்டத்தில் இருக்கும் திரை முழுவதையும் அந்தப் படத்தால் நிரப்பச் சொன்னால், கருவி நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் வெட்டும். கண்ணும் போய்விடும், கையும் போய்விடும், மிஞ்சுவது கழுத்தும் மார்பும். ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் 'பேரலை' படத்தைப் போட்டாலும் உயரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு போகும், மேல் இடப்பக்கத்து எழுத்துப் பெட்டி விளிம்பில் போய் இடிக்கும். வெட்டாமல் அடக்கிக் காட்டினால், 55 அங்குலத் திரையில் மோனாலிசா ஐந்தில் இரண்டு பங்கு இடத்தில் நிற்பார், மிச்சமெல்லாம் வெறுமை. (43 அங்குலத் திரையை நிமிர்த்தி நெட்டுக்குத்தாக மாட்டினால் அகலம் 53.5 செ.மீ. மோனாலிசா உண்மை அளவிலேயே வந்து நிற்பார். இதற்கும் கலைச்சொல்லுக்கும் தொடர்பில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

அந்த வெறுமையைக் கறுப்பாக விடாமல், தாள் நிறத்தில் மெல்லிய நிழலோடு காட்டுவதுதான் ஓவிய நிலையின் பாதி வித்தை. படத்துக்குச் சட்டம் போடுபவர்கள் இதை 'மவுண்ட்' என்பார்கள். ஆனால் டிவிக்காரரிடம் 'மவுண்ட் வேணும்' என்றால் சுவரில் மாட்டும் இரும்புத் தாங்கியை எடுத்து வருவார். ஒரே பொருளைப் பற்றிப் பேசும்போது ஒரே சொல் இரண்டு வேலை பார்ப்பதால் இதற்குத் தமிழ் வேண்டியே ஆகவேண்டும்.

என் பரிந்துரை 'ஓவியக்கரை'. வேட்டிக் கரை, சேலைக் கரை என்று புழங்கும் அதே கரை. 'வெண்கரை', 'அகலக் கரை', 'கரையில்லாமல்' என்று மெனுவில் எழுதிப் பார்த்தேன், தடங்கல் இல்லாமல் வருகிறது. ஒரே குறை, பேச்சில் ர-வும் ற-வும் கலந்துவிடும் இடங்களில் 'ஓவியக்கறை' என்று காதில் விழும், யாரோ படத்தில் காப்பியைக் கொட்டிவிட்டதுபோல. 'விளிம்பு' என்றால் திரையின் விளிம்பா, படத்தின் விளிம்பா என்ற குழப்பம் வருகிறது. 'ஓரம்' கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் 'ஓரத்தை மாற்று' என்ற கட்டளை எதையோ நகர்த்தச் சொல்வதுபோல ஒலிக்கிறது.

பதிவுக்காக வரையறையின் முதல் வடிவம்:

ஓவிய நிலை (பெ.): திரைக்கருவி, அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் தன் ஒளிர்மையைத் தணித்துக்கொண்டு, அசையாப் படம் ஒன்றைச் சுவர்ப்படம்போலக் காட்டி நிற்கும் நிலை.

'அசையாப் படம்' என்பதில் மெல்ல மாறும் படத்தொகுப்பும் அடங்குமா என்று கேள்வி வரும். அடங்கும் என்றே கொள்கிறேன். ஒவ்வொன்றும் நிற்கும்போது நிற்கத்தானே செய்கிறது. நீங்கள் ஒப்பவில்லையென்றால் வரையறையைத் திருத்தி அனுப்புங்கள். திரைத்தழும்பு, படச்சுவடு இரண்டுக்கும் எதிர்ப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். கரையா, வேறா என்பதற்கு மட்டும் வாக்கெடுப்பு வேண்டாம். படத்துக்குச் சட்டம் போடும் யாரையாவது தெரிந்தவர்கள், அவர்கள் தமக்குள் 'மவுண்ட்' தவிர வேறு சொல் புழங்குகிறார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள். இருந்தால் என் 'கரை'யை நானே எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்.