டிபிஎம்-ஐ அணைத்தால் 4கே டிஸ்க் ஓடுமா?

தேனி_சரவணன்:
வீட்டில் 7ஆம் தலைமுறை இன்டெல் ஐ5 கணினி இருக்கிறது. 4கே புளூரே டிஸ்க்கைப் போட்டால் டிவியில் அழகாக ஓடும். ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இந்தப் பிராசசரை ஏற்காது. அதனால் 12ஆம் தலைமுறை கணினி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். நண்பரோ, "அதில் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் இருக்கும், டிஸ்க்கை ஓடவே விடாது, பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்பில்) போய் அணைத்துவிடு" என்கிறார். அணைக்கலாமா? பழைய புளூரே டிரைவைக் கழற்றிப் புதியதில் மாட்டினால் போதுமா?

பழையபூட்:
நண்பர் காரணமில்லாமல் சொல்லவில்லை. 2002இல் மைக்ரோசாப்ட் பலேடியம் என்ற, பாதுகாப்புச் சிப்பை நம்பிய திட்டத்தை அறிவித்தபோதே, நம் கணினி நம் பேச்சைக் கேட்காமல் பட நிறுவனங்கள் பேச்சைக் கேட்கப்போகிறது என்று பலர் கொதித்தார்கள். நானாக இருந்தால் அணைத்துத்தான் வைப்பேன்.

கலைவாணி_சர்வீஸ்:
தம்பி, அணைக்காதீர்கள். அணைத்தாலும் டிஸ்க் ஓடாது.

டிபிஎம் படத்தைத் தொடுவதே இல்லை. அது ஒரு சாவிப்பெட்டி. கணினி கிளம்பும்போது பயாஸ், விண்டோஸைக் கிளப்பும் பூட்லோடர் என ஒவ்வொன்றின் ஹாஷும், அதாவது கைரேகை போன்ற ஒரு எண்ணும், அதில் பதிவாகும். எல்லாம் பழையபடி இருந்தால்தான், ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் சாவியை வெளியே விடும். உங்கள் லேப்டாப்பைத் திருடியவன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் ஒன்றும் கிடைக்காது. அதாவது அந்தச் சாவி உங்களுக்காகக் காக்கப்படுகிறது.

புளூரே டிஸ்க்கில் கதை தலைகீழ். அங்கே சாவியை ஒளிப்பதே உங்களிடமிருந்துதான். கணினியில் 4கே புளூரே ஓட, அந்தச் சாவியை இன்டெலின் எஸ்ஜிஎக்ஸ் என்ற பூட்டிய நினைவகப் பகுதிக்குள் வைத்துத்தான் கையாள வேண்டும் என்று விதி. விண்டோஸாலேயே அதற்குள் எட்டிப் பார்க்க முடியாது. 11ஆம் தலைமுறை கோர் பிராசசர்களிலிருந்து இன்டெல் எஸ்ஜிஎக்ஸை எடுத்துவிட்டது. சர்வருக்கான சியானில் மட்டும் வைத்திருக்கிறார்கள். ஆகவே டிரைவை மாற்றி மாட்டிப் பயனில்லை. காசு கொடுத்து டிஸ்க் வாங்கியவனுக்குப் புதுக் கணினியில் இடமில்லை. இதைக் கேட்டால் எனக்கே எரிச்சல்தான் வருகிறது.

தேனி_சரவணன்:
நன்றி அக்கா. நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டால்? ஸ்ட்ரீமிங்கும் நின்றுவிடுமா?

கலைவாணி_சர்வீஸ்:
கார்டு உதவாது. பழைய கணினியிலும் மதர்போர்டில் உள்ள எச்டிஎம்ஐ வழியாகத்தானே டிவிக்கு இணைத்திருப்பீர்கள்? இன்டெலின் உள்ளமைந்த கிராபிக்ஸ் வழியே போனால்தான் அது ஓடும்.

ஸ்ட்ரீமிங் வேறு. அங்கே பிளேரெடி என்ற மைக்ரோசாப்டின் நகல்தடுப்பு முறை கிராபிக்ஸ் சிப்பிலேயே வேலை செய்கிறது, எஸ்ஜிஎக்ஸ் தேவையில்லை. ஆனால் கணினி, டிவி, நடுவில் ஆம்ப்ளிஃபையர் இருந்தால் அதுவும் எல்லாமே எச்டிசிபி 2.2 என்ற, எச்டிஎம்ஐ கேபிளில் போகும் படத்தைப் பூட்டும் முறையை ஏற்கவேண்டும். ஒன்று பழையதாக இருந்தாலும் 4கே வராது.

பழையபூட்:
எச்டிசிபி உடைந்துபோனதுதானே? 2010இல் மாஸ்டர் கீ வெளியே வந்ததே.

கலைவாணி_சர்வீஸ்:
அது பழைய பதிப்பு சார். 2.2 வேறு முறை. அந்தக் கீ வெளியானதால் என் கடைக்கு வருபவர்கள் யாருக்கும் எச்டிசிபி பொருந்தாமல் வரும் கறுப்புத் திரை நின்றபாடில்லை.

சரவணன், டிஸ்க் நிறைய இருந்தால் டிவிக்குத் தனியாக ஒரு 4கே பிளேயர் வாங்கிவிடுங்கள். அல்லது பழைய கணினியின் இணையத்தைத் துண்டித்து டிஸ்க்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் அப்டேட் எதுவும் போடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. புதுக் கணினியில் மைக்ரோசாப்ட் கணக்கோடு உள்ளே போனால், பெரும்பாலும் உங்களைக் கேட்காமலேயே ஹார்ட் டிஸ்க் பிட்லாக்கர் முறையில் குறியாக்கம் ஆகிவிடும். 48 இலக்க மீட்புச் சாவியை முதல் நாளே தாளில் எழுதி வையுங்கள். ஏஎம்டி கணினியில் பிராசசரை மாற்றினால் கறுப்புத் திரையில் எஃப்டிபிஎம்-ஐ (பிராசசருக்குள்ளேயே இருக்கும் டிபிஎம்-ஐ) ரீசெட் செய்யவா என்று கேட்கும். படிக்காமல் ஒய் தட்டி, உள்ளே இருந்த சாவியை அழித்துவிட்டு என்னிடம் வருகிறார்கள். அந்த 48 இலக்க எண் கையில் இல்லாவிட்டால் நானும் ஒன்றும் செய்ய முடியாது.

தேனி_சரவணன்:
சரி அக்கா. டிபிஎம் அப்படியே இருக்கட்டும். பிளேயர் விலை விசாரிக்கிறேன்.