ஞாயித்துக்கிழமை ‘ஹை நூன்’: டிவி அளவும் ஜிகர்தண்டா அளவும்

கேள்வி: மதுரை அண்ணா நகர்ல 10 பேருக்கு ‘ஹை நூன்’ (1952) ஹாலிவுட் கௌபாய் படம் போடுறோம். ஹீரோ கேரி கூப்பர் குண்டாத் தெரியறாரு, ஏன்ணே? ஜிகர்தண்டாவுக்குப் பிசின் எவ்வளவு?

பதில் 1: படத்தோட அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 1.37:1. அகல டிவி இழுத்துக் காட்டுது தம்பி. 4:3க்கு மாத்துங்க, ரெண்டு ஓரமும் கருப்பா நிக்கும், அதான் சரி. 85 நிமிஷம், கதையும் ஏறக்குறைய அதே நேரத்துலதான் நடக்குது. இடைவேளை விட்டீங்கன்னா அந்தக் கடிகாரப் பதைப்பே போயிரும்!

பதில் 2: அப்ப ஜிகர்தண்டாவை முன்னாடியே குடுத்துருங்க. பாதாம் பிசின் 20 கிராம், கழுவி, 1 லிட்டர் தண்ணியில ராத்திரியே ஊறணும். அவசரப்பட்டா நடுவுல கல்லாட்டம் கடிபடும். 2 லிட்டர் பால் ஒன்றரையாச் சுண்டி, குளுந்தப்புறம் நன்னாரி சர்பத் ஊத்துங்க. எலுமிச்சை கலந்த சர்பத்தைச் சூட்டுல ஊத்துனா திரிஞ்சிரும்.

பதில் 3: அடுத்து நம்ம தமிழ் கௌபாய் படம், கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடிச்ச ‘கங்கா’ (1972) போடுங்கப்பா!