புதுப்பிப்பு: மலையேறும்போது கொதிக்கும் பழைய டீசல் கார்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போதெல்லாம், நான் வாங்கிய 2013ஆம் ஆண்டுப் பழைய டீசல் காரின் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது என்றும், தெர்மோஸ்டாட்டையும் (இன்ஜின் வெப்பத்தைச் சீராக வைக்கும் வால்வு) ரேடியேட்டரையும் மாற்றிய பிறகும், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது என்றும் முன்பு எழுதியிருந்தேன். காரணம் இப்போது தெரிந்துவிட்டது.

மூன்றாவதாகப் பார்த்த மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. இன்ஜின் குளிர்ந்திருந்தபோது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, பிறகு இன்ஜினை ஓடவிட்டு, கூலன்ட்டில் இடைவிடாமல் எழுந்த குமிழிகளைக் காட்டினார். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள சிலிண்டர் பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் சிதைந்திருந்ததால், சிலிண்டருக்குள் எரிந்த வாயு கூலன்ட் பாதைக்குள் புகுந்து, கூலன்ட்டை வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. சமவெளியில் மெதுவாக ஓட்டும்போது மறைந்திருந்த இந்தக் குறை, இன்ஜின் முழுச் சுமையை இழுக்கும் மலைப்பாதையில்தான் வெளிப்பட்டது. ஐந்து நிமிடச் சோதனை! இதைச் செய்யாமலேயே முதல் இரண்டு பட்டறைகளும் என்னிடம் 14,000 ரூபாய் வாங்கியதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது அது சற்று வளைந்திருந்தது. லேத் பட்டறையில் கொடுத்துச் சமன்படுத்தி, புதிய கேஸ்கெட்டும் ஹெட் போல்ட்டுகளும் போட்டு முடிக்க ஒன்பது நாட்களும் 23,500 ரூபாயும் ஆயின. முந்தைய உரிமையாளர் கூலன்ட்டுக்குப் பதிலாக வெறும் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்திருக்க வேண்டும். நீர்ப் பாதைகளில் அவ்வளவு துரு படிந்திருந்தது.

கடந்த ஞாயிறன்று குன்னூர் வரை சென்று திரும்பினேன். முள் பாதியைத் தாண்டவில்லை. ஏசி போட்டால் வரும் கீச்சொலி மட்டும் அப்படியே இருக்கிறது.