வேகமான ஸ்பிரெட் ஆட்டமும் வலுவான தடுப்பும்: விளக்கம் தேவை

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை விடாமல் பார்க்கும் நண்பர்களுக்கு ஒரு கேள்வி. ஹடில் போடாமல் (அதாவது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் கூடி நின்று பேசாமல்), மூச்சுவிட நேரம் தராத ஸ்பிரெட் தாக்குதலை (வீரர்களைக் களத்தின் அகலம் முழுக்கப் பரப்பி ஆடும் முறையை) ஆடிக்கொண்டே, தடுப்பணியையும் தளராமல் வைத்திருப்பது எப்படி?

அடுத்தடுத்து வீசும் மூன்று பாஸும் பிடிபடாமல் போனால் கடிகாரம் ஒவ்வொரு முறையும் நின்றுவிடும். ஒரு நிமிடம்கூடக் கழியாமல் பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்க வேண்டியதுதான். அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றிய தடுப்பு வரிசைக்காரர்கள், வாயில் ஊற்றிய தண்ணீரை விழுங்குவதற்குள் மறுபடி களமிறங்குவார்கள். நான்காம் குவார்ட்டரில் அந்த மலைபோன்ற ஆட்கள் இடுப்பில் கைவைத்து நிற்பதைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது.

2018 பருவத்தின் அரையிறுதியில் ஸ்பிரெட் ஆடும் ஓக்லஹோமா 34 புள்ளிகள் எடுத்தும் அலபாமாவிடம் தோற்றது. அலபாமா எடுத்தது 45. அதே அலபாமாவை இறுதிப் போட்டியில் கிளெம்சன் 44-16 என்று சுருட்டியது. கிளெம்சனும் ஸ்பிரெட் அணிதான்! (அந்தத் தடுப்பை வடிவமைத்த பிரென்ட் வெனபிள்ஸையே பிறகு ஓக்லஹோமா தலைமைப் பயிற்சியாளராக்கியது வேறு கதை.)

கிளெம்சனின் தடுப்பு வரிசையிலிருந்து மூன்று பேர் 2019 என்எஃப்எல் டிராஃப்டின் (தொழில்முறை அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வின்) முதல் சுற்றிலேயே தேர்வானார்கள். அப்படியானால் எல்லாம் ஆள்பலம்தானா? முன்னிலை பெற்றதும் வேகத்தைக் குறைப்பது உண்மையில் உதவுகிறதா?

தடுப்பணி விட்டுக்கொடுத்த மொத்த யார்டுக் கணக்கை நான் நம்புவதில்லை. வேகமாக ஆடினால் எதிரணிக்கும் வாய்ப்புகள் கூடும். ஒரு டிரைவுக்கு (பந்து கைக்கு வந்தது முதல் கைமாறும் வரையிலான தாக்குதலுக்கு) எத்தனை புள்ளி விட்டுக்கொடுத்தார்கள் என்ற கணக்கு எங்கே கிடைக்கும்? முழுதாகப் பார்க்கத் தக்க ஓரிரு ஆட்டங்களையும் சொல்லுங்கள்.