ஃப்ளட்வே: 'வெள்ளக்கொள்நிலம்' சரிவருமா? (இல்லினாய் கேரோ கட்டுரைக்காக)

> ஃப்ளட்வே என்பதற்கு 'வெள்ளப்பாதை' போதாதா? ஒரு சின்ன ஊர்க் கட்டுரைக்கு எதற்கு இத்தனை மடல்?

நண்பர்களே,

போதாது என்றே நினைக்கிறேன். ஃப்ளட்வே என்பது, ஆற்றில் வெள்ளம் மிஞ்சும்போது ஊரைக் காக்கத் தண்ணீரைத் திறந்துவிடுவதற்கென்று குறித்துவைத்த நிலம். பாதை என்றதும் தண்ணீர் வழக்கமாகப் போகும் வாய்க்கால்தான் மனதில் வரும். அமெரிக்காவில் கேரோ என்ற ஊருக்கு எதிரே மிசூரி மாநிலத்தில் இருப்பது சோயாவும் மக்காச்சோளமும் விளையும் வயல்வெளி, ஏறத்தாழ 1,30,000 ஏக்கர். 1927 மிசிசிப்பிப் பெருவெள்ளத்துக்குப் பிறகு 1928இல் சட்டம் போட்டு அதை இந்த வேலைக்கென்று குறித்தார்கள். அதற்குள் வேண்டுமென்றே ஆற்றைத் திறந்துவிட்டது இரண்டே தடவை: 1937 ஜனவரியிலும் 2011 மே மாதத்திலும். இடையில் எழுபது ஆண்டுக்கு மேல் அங்கே உழவு மட்டும்தான். இதைப் பாதை என்றால் படிப்பவர் தவறாகப் புரிந்துகொள்வார்.

இழையில் இப்போதுதான் சேர்ந்தவர்களுக்காக ஊரைப் பற்றிக் கொஞ்சம். இல்லினாயின் தென்கோடியில், ஒகையோ ஆறு மிசிசிப்பியோடு கலக்கும் முனையில் இருக்கிறது கேரோ. (எகிப்தின் தலைநகருக்கு வைத்த அதே எழுத்துகள்தான். ஆனால் உள்ளூர்க்காரர்கள் 'கெய்ரோ' என்பதில்லை; தலைப்பைக் 'கேரோ' என்றே விடுவோம்.) கிழக்கே ஒகையோவைத் தாண்டினால் கென்டக்கி, மேற்கே மிசிசிப்பியைத் தாண்டினால் மிசூரி. ஊரைச் சுற்றிலும் கரையும் சுவரும். வடக்கே நெடுஞ்சாலை உள்ளே நுழையும் இடத்தில் ஒரு பெரிய இரும்புக் கதவு. வெள்ளம் வரும்போது அதையும் இறக்கிவிட்டால் ஊர் முழுக்கக் கிண்ணம்தான்.

இரண்டு பேராறு கூடும் இடத்தில் மாநகரம் வளராமல் போகுமா என்று நம்பிப் பணம் போட்டவர்கள் பலர். 1818இலேயே ஒரு முயற்சி நடந்து படுத்துவிட்டது. 1830களின் கடைசியில் இன்னொன்று. 1842இல் வந்து பார்த்த சார்லஸ் டிக்கன்ஸ் அந்தச் சேற்றுநிலத்தைக் கிழிகிழியென்று கிழித்து எழுதினார். 1850களில் இல்லினாய் சென்ட்ரல் ரயில்பாதை வந்த பிறகுதான் ஊர் நிமிர்ந்தது. 1861இல், உள்நாட்டுப் போரின்போது, வடக்குத் தரப்புத் தளபதி யுலிசீஸ் கிராண்ட் இங்கே முகாமிட்டுத்தான் தெற்கு நோக்கிப் படை நடத்தினார்.

மக்கள்தொகைப் பட்டியலைக் கட்டுரையின் கடைசியில் ஒதுக்கியிருக்கிறீர்கள். மேலே கொண்டுவாருங்கள். 1920இல் 15,203 பேர், 1960இல் 9,348, 1970இல் 6,277, 2000இல் 3,632, 2010இல் 2,831, 2020இல் 1,733. நூறு ஆண்டில் ஒன்பதில் ஒருவர் அளவுக்குத்தான் மிச்சம். 'வேலைவாய்ப்பு குறைந்ததால்' என்று ஒரே வரியில் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1889இல் ஒகையோ மேல் ரயில் பாலம் வந்ததும் படகில் ஏற்றி இறக்கும் பிழைப்பு போனது. பிறகு நெடுஞ்சாலைகளும் ஊரை விலக்கிக்கொண்டு போயின. அதெல்லாம் சரி. 1909இல் ஆயிரக்கணக்கானவர் கூடி நின்று ஒரு கறுப்பினத்தவரைக் கொன்றதும் இதே ஊர்தான். 1967இல் காவல் நிலையத்தில் ஒரு கறுப்பின இளம் படைவீரர் இறந்தபோது கலவரம் வெடித்தது. 1969 முதல் பல ஆண்டுகள் கறுப்பின மக்கள் வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்தார்கள். கறுப்பினத்தவரை வேலைக்கு வைப்பதைவிடக் கடையை மூடுவதே மேல் என்று மூடியவர்கள் உண்டு. நீச்சல் குளத்தைக்கூடச் சேர்ந்து பயன்படுத்த மனமில்லாமல் மூடிவிட்டார்கள். இதை எழுதாமல் பட்டியலை மட்டும் போட்டால் ஊர் தானாகவே தேய்ந்தது போலிருக்கும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 2011 மே 2 அன்று கேரோ அளவுகோலில் நீர்மட்டம் 61.72 அடியைத் தொட்டது. 1937இன் உச்சமே 59.5 அடிதான். சுவர் தாங்கும் அளவு 64 அடி என்றாலும், கரைக்கு அடியிலிருந்து தண்ணீர் மணலைத் தள்ளிக்கொண்டு ஊருக்குள் கொப்பளித்தது. (இதற்கு 'மணல் ஊற்று' போதும், புதிதாக எதுவும் வேண்டாம்.) கேரோவை ஏற்கெனவே காலி செய்திருந்தார்கள். எதிர்க்கரையை உடைத்து வயல்களுக்குள் வெள்ளத்தை விடக் கூடாது என்று மிசூரி அரசு வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அன்று இரவு ராணுவப் பொறியியல் படை எதிர்க்கரையை வெடிவைத்துத் தகர்த்தது. கேரோவில் நீர் இறங்கியது. வயல்காரர்களிடம் அரசு முன்பே பணம் கொடுத்து வெள்ளம் விடும் உரிமையை வாங்கி வைத்திருந்தது. ஆனாலும் உள்ளே வீடுகள் இருந்தன. வேறு இடத்தில் நிலம் கொடுக்க ஆளில்லாததால் கறுப்பின உழவர்கள் அங்கே வாங்கிக் குடியேறி உருவாக்கிய பின்ஹுக் என்ற சிற்றூர் அந்த இரவோடு போனது. பெரும்பாலும் கறுப்பினத்தவர் வாழும் கேரோவைக் காப்பாற்ற இன்னொரு கறுப்பின ஊர் மூழ்கியது.

ஆகவே சொல்லில் மூன்று செய்தி இருக்க வேண்டும்: அது நிலம், வெள்ளத்தை வாங்கிக்கொள்வது, அதற்கென்றே குறிக்கப்பட்டது.

'வெள்ளப்போக்கி' என்று ஒருவர் சொன்னார். அது அணையில் உபரிநீர் வழியும் அமைப்புக்கு ஏற்கெனவே புழங்குகிறது. 'வெள்ளப்படுகை'யை முதலில் நானும் ஆதரித்தேன். கொள்ளிடக் கரையோரம் படுகை என்றால் ஆற்றுக்கும் கரைக்கும் நடுவே பயிர் வைக்கும் நிலம். தண்ணீர் கூடுதலாகத் திறந்தால் முதலில் முழுகுவது அதுதான். அழகான பொருத்தம். ஆனால் ஆற்றுக்கும் அந்தப் படுகைக்கும் நடுவே கரை கிடையாது, யாரும் வெடி வைப்பதும் கிடையாது. தவிர 'காவிரிப் படுகை' என்று ஆற்றின் வடிநிலம் முழுவதற்கும் அந்தச் சொல் போய்விட்டது.

கொள்ளிடம், கொள்கலன், கொள்ளளவு என்று தண்ணீரோடு பழகிய வினை 'கொள்' நம்மிடம் இருக்கிறது. அதனால் 'வெள்ளக்கொள்நிலம்' என்று முன்வைக்கிறேன். தனியே 'கொள்நிலம்' என்று சுருக்கினால் கொள்ளு விளையும் காடு என்று எங்கள் பக்கத்தில் சிரிப்பார்கள். முதல் தடவையாவது முழுசாக எழுத வேண்டும்.

லெவீ என்பதற்கு வெறும் 'கரை' எழுதியிருக்கிறீர்கள். இயற்கையான ஆற்றோரமும் கரை, மனிதன் போட்டதும் கரை என்றால் 'கரையைத் தகர்த்தார்கள்' என்ற வரி குழப்பும். அங்கே மட்டும் 'வெள்ளக்கரை' என்று மாற்றலாம். கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) ஒன்றின் நிர்வாகம் நடக்கும் ஊரான 'கவுண்டி சீட்'டுக்குக் 'கவுண்டித் தலைநகர்' இருக்கட்டும். அலெக்சாண்டர் கவுண்டிக்குக் கேரோ இன்னும் அதுதான்.

நிலப்படம் வரைபவர் வெள்ளக்கொள்நிலத்தை மிசிசிப்பிக்கு மேற்கே, பேர்ட்ஸ் பாயின்ட் முதல் நியூ மாட்ரிட் வரை நிழலிட்டுக் காட்டினால் நல்லது. 'கொள்' வேண்டாம் என்பவர்கள் மாற்றுச்சொல்லோடு வாருங்கள், பேசுவோம்.