பனையோலையும் கடல்பாசியும்: உப்புக்காத்துல கைவேலை கெடாம இருக்க என்ன பண்ணலாம்?

பனங்குருத்து:
எல்லாருக்கும் வணக்கம். ராமேஸ்வரம் போற வழியில இருக்க மண்டபம் ஊர் பக்கத்துலருந்து எழுதறேன். நானும் என் தோழியும் ஒரு வருஷமா கைவேலை பண்றோம், நான் பனையோலைல கொட்டான்னு சொல்ற சின்னக் கூடை, பொட்டி முடையறேன், அவ கரையில ஒதுங்குற பாசிய தாள்ல விரிச்சு அழுத்திக் காயவச்சு படமாக்குறா. ரெண்டு பேரும் சென்னையில கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்து கெடந்தவங்க, ஊருக்கு வந்தப்ப கச்சான் காத்து அடிச்சா எந்தக் கரையில பாசி ஒதுங்கும் வாடைக்காத்து அடிச்சா எந்தக் கரைன்னுகூட எனக்குத் தெரியல, பொறந்து வளர்ந்தது இங்கதான்னு சொல்லிக்கவே வெக்கமா இருந்துச்சு. இப்ப காலைல கதவத் தொறந்ததும் காத்துதான் பாக்குறோம்.

சரி விஷயத்துக்கு வரேன். போன ஐப்பசி மழையில முடைஞ்சு வச்ச கொட்டான்ல பாதிக்கு மேல பூஞ்சை, கருப்பு கருப்பா புள்ளி. அவ படமும் நசநசன்னு ஆயிருச்சு, செவப்புப் பாசி வெளுத்தே போச்சு. இதுல ஒருத்தர் பவளப்பாறை துண்டு வச்சு ஃப்ரேம் பண்ணித் தாங்க, கரையில சும்மா கெடக்குறதுதானேங்கறாரு. பண்ணலாமா?

இன்னொருத்தர் ஒரு படத்தக் காட்டி இதே மாதிரி பத்து வேணும்னாரு, தோழி முடியாதுன்னுட்டா, கடல் ஒரே பாசிய ரெண்டு தடவ போடுமான்னு கேக்குறா. வாடகை யாரு குடுக்கறதுன்னு நான் கேட்டேன், ரெண்டு நாள் பேசிக்கல.

கரைவலை:
பவளப்பாறைய தொடாதீங்க. செத்து ஒதுங்கின துண்டா இருந்தாலும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 படி குத்தம்தான், 2001ல அந்தச் சட்டத்தோட பாதுகாப்பு அட்டவணைல சேத்துட்டாங்க. சில சங்கு வகையும் அதுல இருக்கு. ஆர்டர் குடுத்தவரு தப்பிச்சிருவாரு, நீங்கதான் மாட்டுவீங்க.

ஓலைக்காரி:
தங்கச்சி, கீழக்கரை பக்கம் நான், சின்ன வயசுலருந்து ஓலைதான். முடையறதுக்கு முன்னாடி ஓலைய நனைக்கிறோம்ல, அந்த ஈரம் உள்ள நிக்கும்போதே அடுக்கி வச்சா பூஞ்சை புடிக்காம என்ன செய்யும்? முடைஞ்சு ரெண்டு மூணு நாள் நிழல்ல காத்தாட வை, அப்புறம் ஒரு வெயில் காட்டு. பிளாஸ்டிக் பையில கட்டவே கட்டாத, எங்க பாட்டி அடுப்புக்கு மேல பரண்ல வைக்கும், அந்தப் புகைக்கு ஒண்ணும் அண்டாது. மழை மாசத்துக்கு வேண்டியத கோடையிலயே முடைஞ்சு வச்சுக்க. வந்த புள்ளி போகாது, சாயம் போட்ட ஓலைய மேல செருகி மறைச்சுரு, அதுவும் ஒரு அழகுதான்.

பாசிக்காரி_மக:
எங்கம்மா பாம்பன்ல பாசி எடுக்கப் போற ஆளு. உங்க தோழி பாசிய நல்ல தண்ணியில ரொம்ப நேரம் ஊற வச்சிருப்பாங்க, செவப்புப் பாசிக்கு அது ஆகாது, சாயம் எறங்கிரும். கடல் தண்ணியிலயே தட்டுல மிதக்கவிட்டு அடியில தாளக் கொடுத்துத் தூக்கணும், கடைசியா ஒரே முக்கு நல்ல தண்ணி, உப்பு போறதுக்கு மட்டும். உப்பு தங்கினா அந்தத் தாள் காத்துல இருக்க ஈரத்தயெல்லாம் இழுக்கும். மேல மல்லுத்துணி, அதான் மெல்லிசு பருத்தித்துணி, அதுக்கு மேல பேப்பர், பாரம். பேப்பர தெனம் மாத்தணும், இதுல சோம்பேறித்தனம் பட்டா எல்லாம் போச்சு. கஞ்சிப்பாசி மாதிரி மெல்லிசு அதோட பசையிலயே ஒட்டிக்கும், கட்டக்கோரைங்கற பாசி தடிமன், பசை போட்டாத்தான் நிக்கும். ஃப்ரேம வெயில் படுற சொவத்துல மாட்டாதீங்க.

பத்து கேட்டவருக்கு ஒரே அளவுல பத்து தாள், உள்ள வேற வேற பாசின்னு சொல்லிப் பாருங்களேன்?

பனங்குருத்து:
அக்கா, பரண் இல்ல, வாடகை வீடு, ஆனா ஹவுஸ் ஓனரம்மா வெறகடுப்பு வச்சிருக்காங்க, கேட்டுப் பாக்கறேன். பவளம் வேணாம்னு சொல்லியாச்சு. பத்து தாள் யோசனைய இவகிட்ட படிச்சுக் காட்டினேன், ம்ம்னா, அவளுக்கு அதுவே பெரிய விஷயம். உங்கம்மாகூட ஒருநாள் பாசி எடுக்க வரலாமான்னு கேக்கச் சொல்றா.

பாசிக்காரி_மக:
வரட்டும். அமாவாசை ஒட்டி போவாங்க, கரையோரமாத்தான், மன்னார் வளைகுடா தீவெல்லாம் தேசியப் பூங்கா, அந்தப் பக்கம் விடமாட்டாங்க. வெரல்ல சுத்திக்க பழைய துணி நெறைய எடுத்துட்டு வரச் சொல்லுங்க, பாறை கிழிச்சிரும்.